வாசலில் கடல், தொட்டியில் நன்னீர்: வீட்டுக் கடல்மீன் தொட்டியின் நீரைப் பராமரிப்பது

பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வீடு இருந்தால் கடல்மீன் தொட்டி வைப்பது சுலபம் என்று தோன்றும். தண்ணீர் வாசலிலேயே கிடக்கிறதே! நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தொட்டியில் நீர் இறங்கும்போதெல்லாம் கடல்நீரையே மொண்டு ஊற்றினேன். மூன்றாவது வாரம் இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று செத்து மிதந்தது. அந்தத் தவறை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கணக்குக்கு 100 லிட்டர் தொட்டியை வைத்துக்கொள்வோம்.

படி 1: நீர் எடுப்பது

கச்சான் (தென்மேற்குக்) காற்று வீசும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிக் கிடக்கும். அப்போது வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் எடுங்கள். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடல் கலங்கும், மழைநீரும் கலந்து உப்பு குறையும். அப்போது தென்கடல்தான் நல்லது. பூங்கோரை (கடலில் திடீரெனப் பெருகும் நுண்ணுயிர்க் கூட்டம்) வந்து கடல் பச்சையாகத் தெரிந்தால் அந்த நீரைத் தொடவே வேண்டாம். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் அப்படிப் பச்சையானபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. படகுத்துறையையும் சாக்கடை விழும் இடத்தையும் விட்டு விலகிப் போய் எடுங்கள்.

எடுத்த நீரை அடர்த்தியான துணியில் வடிகட்டி, மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள். சின்ன ஏர் பம்ப் ஒன்று உள்ளே ஓடட்டும். நீரோடு வந்த நுண்ணுயிர்களில் பல செத்து அடியில் படியும். எடுக்கும் நாளன்று பம்பை நிறுத்தித் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தொட்டிக்கு எடுங்கள்.

படி 2: உப்பை அளப்பது

நாக்கில் வைத்துப் பார்த்து உப்பைக் கணிக்க முடியாது. உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி ஒன்று வாங்குங்கள். தொட்டிக்கான செலவில் இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பேன். அதை 35 அளவுள்ள சோதனைக் கரைசலை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு, ஒப்படர்த்தியில் (நன்னீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவில்) சொன்னால் 1.025 முதல் 1.026 வரை.

படி 3: குறைந்த நீரை ஈடுகட்டுவது

என் மீன் செத்தது இந்த இடத்தில்தான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. 100 லிட்டர் கடல்நீரில் சுமார் 3,500 கிராம் உப்பு இருக்கிறது. தினமும் 2 லிட்டர் ஆவியாகிறது, அதற்கு ஈடாக நான் கடல்நீரை ஊற்றுகிறேன் என்று வையுங்கள். பத்து நாளில் 20 லிட்டர், அதாவது 700 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்திருக்கும். 35 இருந்த இடத்தில் இப்போது 42! தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் தெரியும், மீன்தான் தாங்காது.

அதனால் தினசரி ஈடுகட்ட நன்னீர்தான். தொட்டிக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையில் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி, டி.டி.எஸ். மீட்டரில் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) பார்த்துவிட்டு ஊற்றுங்கள், எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் சுத்தம்தானே என்று பிடித்து ஊற்றாதீர்கள். செம்புக் குழாயைத் தொட்டு வருகிற நீர் அது. இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு நஞ்சு.

சித்திரை வெயிலில் தொட்டியின் சூடு 30 டிகிரியைத் தாண்டும். 25 முதல் 27 வரை இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் சூடு இறங்கும், ஆனால் ஆவியாவதும் கூடும். அப்போது மாலையிலும் ஒரு தடவை கோட்டைப் பாருங்கள்.

படி 4: மீன் விடாமல் காத்திருப்பது

ஃபில்டரில் பீங்கான் வளையங்களைப் போட்டு, நகமளவு இறால் துண்டு ஒன்றைத் தொட்டிக்குள் அழுகவிடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி நைட்ரைட் ஆக்கும், வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்கும். இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டி, நைட்ரேட் தெரியும்வரை மீன் வேண்டாம். கடல்நீரின் பி.எச். (அமில, கார நிலையைக் காட்டும் எண்) அதிகம் என்பதால் அம்மோனியாவின் விஷப் பங்கும் நன்னீர்த் தொட்டியைவிடக் கூடுதல். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும், காற்று நின்றால் அந்த பாக்டீரியாக்களும் மூச்சுத் திணறும்.

பாக்டீரியா சீக்கிரம் வர வேண்டும் என்று கடலிலிருந்து பவளப்பாறைத் துண்டை எடுத்து வராதீர்கள். பவளமும் கடல்குதிரையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஒவ்வொரு துண்டிலும் எத்தனையோ உயிர்கள் குடியிருக்கின்றன.

படி 5: பி.எச்., காரத்தன்மை

பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருந்தால் போதும். காலையில் கொஞ்சம் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் காட்டும், பயப்பட வேண்டாம். எப்போதும் குறைவாகவே இருந்தால் முதலில் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மூடிய அறையில் சேரும் கரியமில வாயுவே பி.எச்.சை இறக்கும்.

அதற்குப் பிறகு காரத்தன்மையை, அதாவது பி.எச். இறங்காமல் நீர் தாங்கும் திறனைப் பாருங்கள். கிட்டில் 8 முதல் 11 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு) காட்ட வேண்டும். குறைந்தால் சமையல் சோடா போதும், பேக்கிங் பவுடர் அல்ல. 3 கிராம் சோடாவை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றினால் 100 லிட்டருக்கு சுமார் 1 டி.கே.எச். ஏறும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

படி 6: நீர் மாற்றுவது, மீன் விடுவது

வாரம் ஒருமுறை 10 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, டிரம்மில் தெளிந்த கடல்நீரை அளந்து ஊற்றுங்கள். தொட்டியை முதலில் நிரப்பிய பிறகு கடல்நீர் ஊற்றுவது இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான். நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே நிற்க வேண்டும்.

முதல் மீனாக, வளர்ப்புக் கூடத்தில் பொரித்த கோமாளி மீன் குஞ்சுகளைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலேயே இவற்றைப் பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். தொட்டியில் பொரித்த குஞ்சு தொட்டி வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகும். வந்த பையின் நீரில் உப்பை அளந்துவிட்டு, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கலக்கவிடுங்கள். அப்புறம் பை நீரைக் கொட்டிவிட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டிக்குள் விடுங்கள்.