திருமலையில் வாரப் பத்திரிகை போடுவது எப்படி?

திருமலையில் (திருகோணமலையில்) வாரப் பத்திரிகை போட ஆசையா? முதலில் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பதிவை முடியுங்கள். 1839இல் வந்த பத்திரிகைச் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது.

அப்புறம் பக்கக் கணக்கு. பெரிய தாளை மடித்து அடிப்பதால் 8, 12, 16 என்றுதான் வரும், மிஞ்சிய செய்தி அடுத்த கிழமைக்குத்தான்.

காசு தருவது பெரும்பாலும் மரண அறிவித்தலும் 31ஆம் நாள் அழைப்பும்தான், அதனால் பெயர், ஊர், கிரியை நேரம் எல்லாவற்றையும் வீட்டாருக்கு வாசித்துக் காட்டிவிட்டே அச்சுக்கு அனுப்புங்கள் (ஒருமுறை பேரனை மருமகனாக்கிவிட்டு நான் பட்ட பாடு!).

மூதூர், கிண்ணியா, குச்சவெளிக்கு ஆளுக்கொரு செய்தியாளர் வேண்டும். நகரச் செய்தி மட்டும் போட்டால் அங்கே யார் வாங்குவார்கள்? கடைகளில் விற்காத பிரதிகளை எண்ணி எடுத்த பிறகே அடுத்த இதழுக்கு எத்தனை அடிப்பதென்று அச்சகத்துக்குச் சொல்லுங்கள்.