கோர்-மணி கேட்கும் முன்: பொதுக் கிளஸ்டரில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பல கணினிகளை இணைத்து எல்லா ஆய்வாளர்களும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கிளஸ்டர் ஒன்று எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களுக்கு உதவுவது என் வேலை. கணினி நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவிலும் உட்கார வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கல்வியாண்டும் புது முகங்கள் வருகின்றன. தவறுகள் மட்டும் பழையவை. மாணவனாக இருந்தபோது இவற்றில் பாதியை நானும் செய்தவன்தான் என்பதால் பெரிதாகக் கோபம் வருவதில்லை, ஒன்றைத் தவிர.

லாகின் நோடில் (நோடு என்பது கிளஸ்டரின் ஒரு கணினி; இது எல்லோரும் உள்நுழையும் கணினி) கனமான வேலையை ஓட்டாதீர்கள், கடவுச்சொல்லைப் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. கணக்குத் தொடங்கியதும் வரும் முதல் மின்னஞ்சலிலேயே அவை இருக்கும். அதைப் படித்தால் போதும்.

## ஸ்கிராட்ச்சைக் கிடங்காக நினைப்பது

ஸ்கிராட்ச் என்பது கணக்கு ஓடும்போது கோப்புகளை வைக்கும் பொதுச் சேமிப்பிடம். வேகமானது, பெரியது, தற்காலிகமானது. பெரும்பாலான மையங்களில் அதற்குக் காப்புப் பிரதி எடுப்பதில்லை. குறிப்பிட்ட நாட்கள் தொடாமல் கிடந்த கோப்புகள் தானாகவே அழிக்கப்படும். இதிலிருந்து தப்பிக்க எல்லாக் கோப்புகளின் தேதியையும் வாரம் ஒருமுறை புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கும் கெட்டிக்காரர்களே, அது எங்கள் கண்ணில் படாமல் இல்லை.

தானாக அழிவது மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய ஸ்கிரிப்ட் ஒன்றை அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிட்டார்கள். அது தடம் புரண்டு சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவைத் துடைத்துவிட்டது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. பயனர்கள் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கவலையில்லாமல் இருக்க முடிவது, முடிவுகளின் இன்னொரு பிரதியை வேறோர் இடத்தில் வைத்திருப்பவர்களால் மட்டும்தான்.

## அளக்காமல் கேட்பது

இதுதான் அந்த ஒன்று.

பொதுக் கிளஸ்டரில் நாணயம் கோர்-மணி. கோர் என்பது செயலிக்குள் கணக்கிடும் ஓர் அலகு. எத்தனை கோர்களைப் பிடித்து வைத்தீர்கள், எத்தனை மணி நேரம் பிடித்து வைத்தீர்கள், இரண்டையும் பெருக்கினால் அதுதான் உங்கள் கணக்கில் கழியும். பிடித்து வைத்தீர்கள் என்ற சொல்லைக் கவனியுங்கள். பயன்படுத்தினீர்களா என்று யாரும் கேட்பதில்லை. நினைவகத்துக்கும் இதே கதிதான். ஒரே ஒரு கோரைக் கேட்டு, அந்த நோடின் நினைவகம் முழுவதையும் வளைத்துக்கொண்டால், அங்கே வேறு யாரும் உட்கார முடியாது. அதனால் பல மையங்கள் முழு நோடுக்கும் சேர்த்தே கழிக்கும்.

ஒருமுறை ஓர் ஆய்வு மாணவி வந்தார். குழுவின் ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, கூடுதல் வேண்டும் என்று மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு கடிதம். பழைய ஜாப் (கிளஸ்டரில் ஓட்டக் கொடுக்கும் வேலை) பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஜாபும் 128 கோர், 72 மணி. ஒரு கோர் மட்டும் முழு மூச்சாக ஓடியிருக்கிறது. மீதி 127 கோர்கள் மூன்று நாள் சும்மா இருந்திருக்கின்றன. ஜாப் ஒன்றுக்குக் கழிந்தது 9,216 கோர்-மணி. உண்மையான உழைப்பு 72. அவருடைய நிரல் ஒற்றை இழையில் ஓடுவது. அதற்கு ஆயிரம் கோர் கொடுத்தாலும் ஒன்றைத்தான் தொடும். 128 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “சீனியர் கொடுத்த ஸ்கிரிப்ட்” என்றார். அந்த சீனியர் ஓட்டியது வேறொரு நிரல்.

அந்த மாணவியிடம் எனக்குக் கோபமில்லை; தன் துறையில் அவர் கெட்டி. எரிச்சல் எல்லாம், ஸ்கிரிப்டைக் குலதெய்வப் படம்போலத் திறந்து பார்க்காமல் கைமாற்றும் பழக்கத்தின் மேல். அடி அவரோடு நிற்கவும் இல்லை. அதே குழுவில் ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் நேரம் இல்லாமல் போனது. கூடுதல் ஒதுக்கீடு கிடைத்த பிறகும் ஜாப்கள் வரிசையின் அடியில்தான் கிடந்தன. ஜாப்களை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் போன்ற மென்பொருள்களில் ஃபேர்ஷேர் என்று ஒன்று உண்டு: அண்மையில் நிறைய எடுத்தவருக்கு முன்னுரிமை குறையும். வீணாக்கியதா, ஆராய்ச்சிக்குப் போனதா என்று அதற்குத் தெரியாது.

நிரல் உண்மையிலேயே பல கோர்களில் ஓடுவதாக இருந்தாலும் அளந்துதான் ஆக வேண்டும். ஜீன் அம்டால் 1967-இல் சொன்ன கணக்கு இன்னும் செல்லும். நிரலின் 5 விழுக்காடு வரிசையாக மட்டுமே ஓடக்கூடியது என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் வேகம் வராது. 16 கோரில் சுமார் 9 மடங்கு. 64 கோரில் 15.4. 128 கோரில் 17.4. கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: கோர்களை இரட்டிப்பாக்கியதில் வேகம் 13 விழுக்காடு கூடியது, அதே வேலைக்கான கோர்-மணிச் செலவோ 77 விழுக்காடு எகிறியது. கோர்களைக் கூட்டும்போது கணக்கின் அளவும் சேர்ந்து வளர்ந்தால் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்று 1988-இல் ஜான் குஸ்டாஃப்சன் காட்டினார். அப்படியானால் உங்கள் கணக்கு எந்த வகை என்று தெரிய வேண்டும். அதற்கும் அளவைதான் வழி.

அளப்பது ஒரு பிற்பகல் வேலை. உங்கள் உண்மையான கணக்கின் ஒரு சிறு பகுதியை எடுத்து 1, 2, 4, 8, 16, 32 கோர்களில் ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரு மடங்கு கோருக்கு இரு மடங்கு வேகம் என்பதிலிருந்து எங்கே வெகுவாக விலகுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஸ்லர்ம் உள்ள பல மையங்களில் ‘செஃப்’ (seff) என்றொரு கட்டளை இருக்கும். முடிந்த ஜாபின் எண்ணைக் கொடுத்தால், கேட்ட கோரிலும் நினைவகத்திலும் எத்தனை விழுக்காடு பயன்பட்டது என்று சொல்லிவிடும். ஜிபியு எனும் வரைகலைச் செயலிக்கும் இதையே செய்யுங்கள். நான்கு ஜிபியு வாங்கி ஒன்றை மட்டும் ஓட்டுவதும், தரவு வட்டிலிருந்து வந்து சேரும்வரை ஜிபியுவைக் காக்க வைப்பதும் வாராவாரம் பார்ப்பவை.

பிறகு விண்ணப்பம் தானாக எழுதிக்கொள்ளும். ஓர் ஓட்டத்துக்கு 16 கோர், 5 மணி. அதாவது 80 கோர்-மணி. 300 ஓட்டங்களுக்கு 24,000. திரும்ப ஓட்ட வேண்டியவற்றுக்கு 20 விழுக்காடு சேர்த்தால் 28,800. அதன் கீழே, அளந்த நேரங்களின் அட்டவணை. குழுவில் இதைப் பார்க்கும்போது விவாதிக்க ஒன்றும் இருக்காது, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவோம்.

ஆனால் எங்கள் மேசைக்கு வருவது பெரும்பாலும் “10,00,000 கோர்-மணி தேவைப்படுகிறது” என்ற ஒற்றை வாக்கியம். எப்படியும் பாதியாக வெட்டுவார்கள், அதனால் இரட்டிப்பாகக் கேள் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காரணம் எழுதாத எண்ணை வெட்டத்தான் செய்வோம். கணக்கோடு வரும் எண்ணை வெட்ட எங்களுக்குப் பிடி கிடைப்பதில்லை. அதிகமாகக் கிடைத்துவிட்டாலும் லாபமில்லை. பயன்படுத்தாமல் விட்டதைப் பல மையங்கள் ஆண்டின் நடுவிலேயே திரும்ப எடுத்துக்கொள்ளும். மறு விண்ணப்பத்தின்போது அந்தக் கணக்கும் முன்னால் வந்து நிற்கும்.

## எப்போதும் அதிகபட்ச நேரத்தையே எழுதுவது

ஆறு மணி நேர வேலைக்கு 72 மணி நேரம் எழுதினால், இடைவெளிகளில் சின்ன ஜாப்களை நுழைக்கும் பேக்ஃபில் உங்களைத் தாண்டிப் போய்விடும். நீண்ட வேலை என்றால் செக்பாயிண்ட் (விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் இடைநிலைப் பதிவு) எழுதிவைத்துத் துண்டுகளாக ஓட்டுங்கள்.

## லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள்

ஒரே பெரிய கோப்பாகக் கட்டிப் போடுங்கள். டார், எச்டிஎஃப்5, எதுவானாலும் சரி. லஸ்டர் போன்ற பொதுக் கோப்பு அமைப்பில் கோப்புப் பெயர்களைக் கவனிக்கும் சர்வர் தவித்தால் கிளஸ்டர் முழுவதும் தவிக்கும்.

## நல்கையில் பெட்டிக்கு மட்டும் விலை எழுதுவது

நிதி கேட்கும்போது சர்வரின் விலைப்பட்டியலை இணைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது எந்த அறையில் நிற்கும், மின்சாரமும் குளிர்ச்சியும் யார் கணக்கில், உத்தரவாதம் முடிந்த பிறகு வட்டு போனால் யார் மாற்றுவது, பாதுகாப்புத் திருத்தங்களை யார் நிறுவுவது? ஆய்வகத்தின் மின் இணைப்பு தாங்காததால், வாங்கிய ஜிபியு சர்வர் அட்டைப்பெட்டியிலேயே மாதக்கணக்கில் நடைவழியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் நல்கைக் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

சொந்தப் பெட்டி வாங்கும் முன், அந்தப் பணத்தில் பொதுக் கிளஸ்டரிலேயே நோடுகள் வாங்கிச் சேர்க்க முடியுமா என்று மையத்தைக் கேளுங்கள். பல இடங்களில் இந்த ஏற்பாடு உண்டு: உங்கள் நோடில் உங்களுக்கு முதல் உரிமை, சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்கள் ஓட்டுவார்கள், பராமரிப்பு மையத்தின் தலைவலி. விண்ணப்பத்துக்கு எங்கள் ஒப்புதல் கடிதமும் வேண்டியிருக்கும். கடைசித் தேதிக்கு முந்தின இரவு அதைக் கேட்காதீர்கள்.

மேகக் கணிமைக்குப் போகிறவர்கள் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தரவை உள்ளே ஏற்றுவது பெரும்பாலும் இலவசம். வெளியே எடுப்பதற்குத்தான் கட்டணம். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அதன் வட்டுக்கு வாடகை ஓடும். இலவசமாகக் கிடைத்த கிரெடிட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, ஆய்வேடு தள்ளிப்போகிறது என்று அது காத்திருக்காது.

திட்டம் முடிந்த பிறகு தரவு எங்கே இருக்கும், எவ்வளவு காலம், யார் செலவில் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதுங்கள். நிதி மூடிய பிறகு இருபது டெராபைட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குக் கொடுக்க என்னிடம் இடமும் இல்லை, பதிலும் இல்லை.

## “ஓடலை சார்”

ஜாப் எண், ஸ்கிரிப்ட் இருக்கும் இடம், பிழைச் செய்தி. மூன்றும் சேர்த்து அனுப்புங்கள்.

## நன்றியுரையில் மையத்தை விட்டுவிடுவது

மையம் கொடுத்த வாசகத்தை அப்படியே கட்டுரையில் போடுங்கள். அடுத்த கிளஸ்டருக்கு நாங்கள் நிதி கேட்கப் போகும்போது காட்டுவது அந்தக் கட்டுரைகளின் பட்டியலைத்தான்.