வாட்ஸ்அப்பில் கட்டுரை வாசிப்புக் குழு: முதல் வாரத்தை நடத்துவது எப்படி?

இதழில் நல்ல கட்டுரை ஒன்றைப் படித்ததும் இணைப்பை எடுத்து நான்கு குழுக்களில் போட்டுவிடுகிறோம். இரண்டு கட்டைவிரல், ஒரு 'அருமை', அதற்குமேல் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படம். கட்டுரை மேலே போய் மறைந்துவிடுகிறது. பேச்சு நடக்க மூன்று வேண்டும்: எல்லாரும் அதே கட்டுரையைப் படித்திருக்க வேண்டும், படித்து முடிக்க ஒரு கெடு வேண்டும், பேசத் தொடங்க ஒரு கேள்வி வேண்டும். கீழே உள்ள செய்முறை முழுவதும் இந்த மூன்றுக்காகத்தான்.

1. ஆட்களும் குழுவும்

6 முதல் 8 பேர் போதும். நான்கு பேர் என்றால் ஒரு வாரம் இருவருக்கு வேலை வந்தாலே பேச்சு நின்றுவிடும். 12 பேரைத் தாண்டினால் மூவர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்ப்பார்கள். ஏற்கெனவே உள்ள கல்லூரிக் குழுவிலோ அலுவலகக் குழுவிலோ இதைத் தொடங்காதீர்கள், புதிய குழுவாகவே திறவுங்கள். பழைய குழுவின் பழக்கங்களும் சண்டைகளும் கூடவே வந்துவிடும்.

குழு அமைப்பில் 'மறையும் செய்திகள்' அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது 24 மணி நேரம் என்று இருந்தால், வார இறுதியில் தொகுக்க உட்காரும்போது முதல் கருத்துகள் காணாமல் போயிருக்கும்.

2. கட்டுரையைத் தேர்ந்தெடுத்தல்

முதல் மாதம் 1,000 முதல் 2,000 சொற்களுக்குள் உள்ள கட்டுரையாக எடுங்கள். பேருந்திலோ சாப்பாட்டு இடைவேளையிலோ ஒரே மூச்சில் படித்துவிடலாம். சொற்களை எண்ணத் தெரியாவிட்டால், கட்டுரையை நகலெடுத்து கூகுள் டாக்ஸில் ஒட்டி, 'டூல்ஸ்' பட்டியலில் 'வேர்ட் கவுன்ட்' அழுத்துங்கள்.

வாரம் ஒருவர் மூன்று கட்டுரைகளை முன்மொழியட்டும். வாட்ஸ்அப் 'போல்' வசதியில் மூன்றையும் தலைப்போடு போட்டு வாக்கெடுங்கள். ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்கும் அனுமதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மூன்றுக்கும் சமமாக வாக்கு விழும். ஒரு கட்டுரை பேசுவதற்கு ஏற்றதா என்று அறிய எளிய சோதனை உண்டு: படித்தவருக்கு ஒரு இடத்திலாவது 'இல்லையே' என்று சொல்லத் தோன்ற வேண்டும். எல்லாரும் தலையாட்டும் கட்டுரையில் பேச ஒன்றும் இருக்காது.

பழைய இதழ்களில் நல்ல சுரங்கமே இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து இதழ்களுக்கு 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையதளத்திலும் தேடுங்கள். 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திய 'மல்லிகை' போன்ற இதழ்களை அங்கே படிக்கலாம்.

3. இணைப்பைச் சுத்தம் செய்தல்

தொடக்கக்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

முகநூலிலிருந்து எடுத்த இணைப்பில், கேள்விக்குறிக்குப் பின்னால் நீண்ட வால் ஒன்று ஒட்டியிருக்கும். பெரும்பாலும் அது நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று கண்காணிப்பதற்கானது, வெட்டிவிடலாம். ஆனால் சில தளங்களில் கட்டுரையின் எண்ணே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கும். அதை வெட்டினால் முகப்புப் பக்கம் திறக்கும். ஆகவே வெட்டிய இணைப்பை மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். அங்கே திறந்தால், கணக்கு இல்லாத நண்பருக்கும் திறக்கும்.

முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால், நகலெடுக்கும்போது அது சதவீதக் குறிகளும் எண்களுமாக மாறிவிடுவதுண்டு. யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 இடம் பிடிக்கும். 'ஏரி' என்ற சின்னச் சொல்லே 27 இடமாக விரிந்துவிடும். இதைக் கண்டு பயந்து பாதியில் வெட்டினால் இணைப்பு செத்துவிடும், அப்படியே முழுதாக அனுப்புங்கள். ஒட்டியதும் தலைப்பும் படமும் உள்ள அட்டை தோன்றும்வரை சில நொடி காத்திருங்கள். அது வராமல் அனுப்பினால் வெறும் எண்குவியல்தான் நண்பர்கள் கண்ணில் படும்.

கட்டுரை வெளியான தேதியையும் பாருங்கள். ஐந்து வருடம் பழைய கட்டுரையை நேற்றையது என்று நினைத்துப் பேசுவது அடிக்கடி நடக்கிறது. படமாக மட்டும் சுற்றும் பக்கம் என்றால், அந்த இதழின் தளத்தில் தலைப்பைத் தேடி உறுதி செய்யாமல் எடுக்காதீர்கள். இதழின் பெயரை யார் வேண்டுமானாலும் ஒரு படத்தின்மேல் ஒட்ட முடியும்.

பழைய இதழ் ஒளிப்படமாக மட்டும் இருந்தால், அந்தப் பக்கத்தை கூகுள் டிரைவில் ஏற்றி 'கூகுள் டாக்ஸில் திற' என்று கொடுங்கள். எழுத்தாக மாற்றித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும், ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

4. சந்தாக் கட்டுரைகள்

முழு இதழின் பிடிஎஃப் கோப்பைக் குழுவில் போடாதீர்கள். சில நூறு சந்தாக்களை நம்பி நடக்கும் சிற்றிதழுக்கு இது நேரடி அடி. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52, விமர்சனத்துக்காகவும் சொந்த வாசிப்புக்காகவும் நியாயமான அளவு பயன்படுத்த இடம் தருகிறது. பேச்சுக்குத் தேவையான ஓரிரு பத்திகளை, இதழின் பெயரும் மாதமும் சேர்த்து மேற்கோளாகத் தரலாம். எல்லாரும் படிக்க வேண்டுமென்றால் அந்த இதழுக்கு ஆளுக்கொரு சந்தா கட்டுங்கள், அல்லது நூலகத்தில் கிடைக்கும் இதழிலிருந்து தேர்ந்தெடுங்கள்.

5. கேள்வி எழுதுதல்

வாரம் முழுவதும் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு வரியில்தான். 'கட்டுரை எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் பதில் வரும். நல்ல கேள்விக்குக் கட்டுரையைத் திறக்காமல் பதில் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். 2017இல் அரசு மீண்டும் கொண்டுவந்த குடிமராமத்துத் திட்டத்தை அது பாராட்டுகிறது. 'நீர்நிலைகளைக் காக்க என்ன செய்யலாம்?' என்பது கேள்வி அல்ல, பள்ளிக் கட்டுரைத் தலைப்பு. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

— 4ஆம் பத்தியில் தூர்வாருவதைப் பற்றி இவ்வளவு சொல்கிறார். வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் தூர்வாரிய ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதற்குக் கட்டுரையில் பதில் இருக்கிறதா?
— விவசாயச் சங்கத்தார் பேசுகிறார்கள், பொறியாளர் பேசுகிறார். ஏரியில் மீன் பிடிப்பவர் ஏன் எங்குமே வரவில்லை?
— எந்தப் பத்தியை நீக்கினால் வாதம் சரியும்?

இவற்றில் ஒரு வாரத்துக்கு இரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். மூன்று கொடுத்தால் எளிதான ஒன்றுக்கே எல்லாரும் பதில் சொல்வார்கள். இணைப்பு, படிக்கும் நேரம், கெடு, கேள்வி நான்கையும் ஒரே செய்தியில் எழுதி, குழுவின் மேலே 7 நாள் நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். பிழை கண்ணில் பட்டால் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்.

6. வார அட்டவணை

ஞாயிறு மாலை கட்டுரையை வெளியிடுங்கள். புதன் இரவு 9 மணி வரை யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. இந்த மௌனம் மிக முக்கியம்: முதலில் விழும் கருத்து எதுவோ, மற்றவர்கள் அதை ஒட்டியோ வெட்டியோதான் பேசுவார்கள், தாங்களாக நினைத்தது வெளியே வராது. ஒவ்வொருவரும் தன் பதிலைக் கைபேசிக் குறிப்பில் எழுதி வைத்து, புதன் 9க்கும் 9.30க்கும் இடையில் ஒட்ட வேண்டும். 3 முதல் 6 வரி, பத்தி எண் கட்டாயம்.

வியாழனும் வெள்ளியும் பேச்சு. ஒருவருக்குப் பதில் சொல்லும்போது அவருடைய செய்தியை வலப்பக்கம் தள்ளி 'ரிப்ளை' செய்யுங்கள். இல்லாவிட்டால் எட்டுப் பேர் பேச்சில் எது எதற்குப் பதில் என்றே தெரியாது. கட்டுரை வரியை மேற்கோள் காட்ட, வரியின் தொடக்கத்தில் > குறியும் ஓர் இடைவெளியும் இடுங்கள்.

தட்டச்சு வராதவர்கள் குரல்பதிவு அனுப்பலாம், 2 நிமிடத்துக்குள். அதன் கீழே ஒரு வரிச் சுருக்கம் எழுதச் சொல்லுங்கள். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் தமிழ்க் குரல் தட்டச்சே போதும். சுருக்கம் இல்லாத குரல்பதிவைப் பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு.

முகம் பார்த்துப் பேசத் தோன்றினால் கூகுள் மீட் இருக்கிறது. மூவரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடம்தான். 45 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

7. பேச்சு தடம் மாறும்போது

கட்டுரையை விட்டு எழுதியவரின் சாதி, கட்சி, பழைய பகை என்று பேச்சு போகும். 'எந்தப் பத்தியில் அது தெரிகிறது?' என்று கேளுங்கள். பத்தியைக் காட்ட முடிந்தால் அது விமர்சனம், தொடரட்டும். முடியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். இதைச் செய்ய வேண்டியவர் அந்த வாரம் கட்டுரை கொடுத்தவர், எப்போதும் ஒரே அட்மின் அல்ல.

இரண்டு வாரம் வாய் திறக்காத நண்பரைக் குழுவில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் கட்டுரை நீளமாக இருந்திருக்கும், அல்லது வேகமாகப் பேசுபவர்கள் நடுவில் இடம் கிடைத்திருக்காது. அடுத்த கேள்வியை அவரையே எழுதச் சொல்லுங்கள்.

8. சனிக்கிழமை

கட்டுரை கொடுத்தவர் 10 வரியில் தொகுத்து எழுதட்டும்: எதில் ஒத்துப்போனோம், எதில் இல்லை, எந்தத் தகவலைச் சரிபார்க்க வேண்டும். அதைக் கூகுள் டாக்ஸில் தேதியோடு சேர்த்து வையுங்கள். கட்டுரையின் முகவரியை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினிலும் சேமித்துவிடுங்கள், இதழ்த் தளங்கள் முகவரியை மாற்றும்போது பழைய இணைப்பு அறுந்துபோகும்.

அந்தப் பத்து வரி நன்றாக வந்திருந்தால் இதழுக்கே வாசகர் கடிதமாக அனுப்புங்கள். 150 முதல் 200 சொல் போதும். கட்டுரைத் தலைப்பு, இதழ் மாதம், பக்க எண் ஆகியவை முதல் வரியில், பாராட்டு ஒரு வாக்கியம், மீதி முழுவதும் நீங்கள் மாறுபடும் அந்தப் பத்தியைப் பற்றி.