எக்ஸ்பாக்ஸ் 360-இன் எச்டி டிவிடி டிரைவை மடிக்கணினியுடன் இணைத்தல்

ஏற்காட்டில் உள்ள பெரியப்பா வீட்டில் அக்காவின் திருமணப் பதிவு நான்கு டிவிடிகளில் இருக்கிறது. சேலத்திலும் சரி, மலையிலும் சரி, எங்கள் குடும்பத்தில் இன்று எவரிடமும் வட்டு போடும் இடமுள்ள மடிக்கணினி இல்லை. அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியும், அதற்குத் துணைக்கருவியாக விற்கப்பட்ட எச்டி டிவிடி டிரைவும் பரணில் கிடந்தன. அந்த டிரைவைக் கொண்டே நான்கு வட்டுகளையும் படியெடுக்க முடிந்தது.

விளையாட்டுக் கருவிகளின் டிரைவுகள் எல்லாமே இவ்வேலைக்கு உதவுவதில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360-இன் உள்ளே இருக்கும் டிரைவில் தகவல் செல்லும் இணைப்பு கணினிகளில் உள்ள அதே சாட்டா வகைதான் என்றாலும், அதன் மின் இணைப்பு அந்தக் கருவிக்கே உரிய தனி வடிவம் கொண்டது. பிளேஸ்டேஷன் 3-இன் டிரைவோ, தன் மின்பலகையோடு இணை சேர்க்கப்பட்டே தொழிற்சாலையிலிருந்து வெளிவருகிறது. 2023-இல் வந்த, கழற்றி மாட்டக்கூடிய பிளேஸ்டேஷன் 5 டிரைவையும் இணையத்தின் வழியே அந்தக் கருவியோடு பதிவுசெய்த பிறகே பயன்படுத்த முடியும். ஆகவே நன்றாக ஓடும் கருவியைத் திறந்து டிரைவைப் பிடுங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வட்டைப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால், இந்தக் கருவிகளையே தொலைக்காட்சியில் மாட்டி டிவிடியை ஓட்டலாம். படியெடுத்து வைக்க விரும்பும்போதுதான் மடிக்கணினி தேவைப்படுகிறது.

2006 நவம்பரில் வெளியான எச்டி டிவிடி டிரைவின் நிலை வேறு. தனிப்பெட்டியில், தனக்கென ஒரு மின் அடாப்டருடன், யுஎஸ்பி வழியாக இணையும்படி அது அமைக்கப்பட்டதால், கணினிக்கு அது மற்றுமொரு யுஎஸ்பி வட்டு டிரைவாகவே தெரிகிறது. உயர்தெளிவுப் படங்களுக்கான எச்டி டிவிடி என்ற வட்டு வடிவத்தை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டது. ஆனால் இந்த டிரைவு சாதாரண டிவிடியையும் சிடியையும் படிக்கும் என்பதால், நம் வீட்டு வட்டுகளுக்கு அதனால் குறை ஒன்றுமில்லை.

மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த டிரைவு என்றால், அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் ‘இன்புட்’ என்ற வரியைப் படிக்காமல் அதைச் சுவரில் செருகவே கூடாது. அங்கே 100-240 வோல்ட் என்று இருந்தால், பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு முனை ஒன்று போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் ஊர் 230 வோல்ட்டில் அது எரிந்துபோகும். அப்போது, அடாப்டரில் ‘அவுட்புட்’ என்று குறித்திருக்கும் அதே வோல்ட்டும், அதே அளவோ அதற்கு மேலோ ஆம்பியரும், அதே முனை அமைப்பும் கொண்ட உள்ளூர் அடாப்டரை, விவரம் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரரிடம் காட்டி வாங்குவது நல்லது. மின்னழுத்தம் அடிக்கடி ஏறி இறங்கும் மலை வீடுகளில் ஸ்டெபிலைசர் வழியாக இணைத்தால், படியெடுக்கும் வேலை பாதியில் அறுபடாது.

ஏற்காட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பனிமூட்ட நாளில் குளிர்ந்து கிடந்த டிரைவையோ வட்டையோ வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடன் ஓட்டினால், லேசர் லென்ஸின் மேல் நீராவி படிந்து வட்டு படிக்கப்படாமல் போகலாம். மணிக்கணக்காகப் பரணில் குளிர்ந்த பொருளுக்கு ஒரு மணி நேரமாவது அறையில் இருக்க நேரம் கொடுங்கள்.

டிரைவின் பின்புறம் இருப்பது மினி யுஎஸ்பி துளை. பழைய டிஜிட்டல் கேமராக்களுக்குப் பயன்பட்ட அதே கேபிள் இதற்குப் பொருந்தும். செல்பேசிகளில் வந்த மைக்ரோ யுஎஸ்பி இதைவிட மெல்லியது என்பதால், அதை அழுத்திச் செருக முயலக் கூடாது. மடிக்கணினியில் சி வகைத் துளை மட்டுமே இருந்தால் சாதாரண யுஎஸ்பிக்கு மாற்றும் சிறு இணைப்பான் ஒன்று வேண்டும். முதலில் மின்சாரத்தையும் பிறகு யுஎஸ்பியையும் இணையுங்கள்.

விண்டோஸ் விஸ்டாவிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் தனி மென்பொருள் ஏதும் நிறுவ வேண்டியதில்லை; சில நொடிகளில் டிரைவு, கோப்புச் சாளரத்தில் ஓர் எழுத்துடன் தோன்றும். டிரைவுக்குள் விளையாட்டுக் கருவிக்கென 256 எம்பி நினைவகம் ஒன்றும் இருப்பதால், இணைத்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அது அடையாளம் தெரியாத பொருளாகக் காட்டப்பட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை என்பதால், விஎல்சி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய படங்களின் வட்டுகளுக்கு, எந்த நாடுகளில் ஓடும் என்பதைக் குறிக்கும் மண்டலக் குறியீடு உண்டு. அமெரிக்கா 1, இந்தியா 5. கணினி டிரைவுகளில் இதை ஐந்து முறை மட்டுமே மாற்ற முடியும் என்பதால், அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஸ்டூடியோக்காரர்கள் எழுதித் தந்த திருமண வட்டுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வட்டைப் போடுவதற்கு முன், மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால், அப்போது விழும் கீறல் பதிவின் தடத்தோடு ஒத்தே ஓடி, தொடர்ச்சியாக நீண்ட பகுதியைக் கெடுத்துவிடும். குறுக்கே விழும் கீறலை டிரைவின் பிழைதிருத்தம் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும்.

வட்டைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறை இருக்கும். அதனுள் ஏறத்தாழ ஒரு ஜிபி அளவு வரை துண்டு துண்டாக உள்ள ‘விஓபி’ கோப்புகள்தாம் பதிவு. கோப்புறையை முழுவதுமாக மடிக்கணினிக்குப் படியெடுங்கள். ஓர் அடுக்கு வட்டில் அதிகபட்சம் 4.7 ஜிபி இருக்கும். கோப்புறையே தெரியாமல் வட்டு வெறுமையாகக் காட்டினால், பதிவுக் கருவியில் ‘ஃபைனலைஸ்’ செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்துவைக்காமல், விட்டிருக்க வாய்ப்புண்டு.

செல்பேசியில் பார்க்கவும் உறவினருக்கு அனுப்பவும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்புறையைத் திறந்து எம்பி4 ஆக மாற்றலாம். நம் ஊர்ப் பதிவுகள் பெரும்பாலும் ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், 720-க்கு 576 புள்ளிகளில், ஒன்றுவிட்ட கோடுகளாக எழுதப்பட்டவை. கையை அசைக்கும் காட்சிகளில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிவது அதனால்தான். ‘டீஇன்டர்லேஸ்’ என்ற தேர்வை இயக்கினால் அவை மறையும். ஆனாலும் மூலக் கோப்புறையை அழித்துவிட வேண்டாம். மாற்றிய கோப்பில் தரம் சிறிதேனும் குறைந்தே இருக்கும்.

எங்கள் நான்காவது வட்டு பாதியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிவிடியில் பதிவு நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் போகிறது. விரல் படுவதும் உரசுவதும் விளிம்பில்தான் அதிகம். அதனால் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதிதான் முதலில் பறிபோகிறது. ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளைக் கொண்டு, படிக்க முடியாத இடங்களைத் தாண்டி மற்றவற்றை எடுக்கச் சொல்லிவிட்டு இரவு முழுவதும் விட்டுவைத்தேன். காலையில் பார்த்தபோது இரண்டு இடங்களில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. பெரியம்மா அக்காவை அணைத்துக்கொண்டு வழியனுப்பும் காட்சி முழுதாகக் கிடைத்தது. ஆகவே படியெடுத்து முடித்ததும் ஒவ்வொரு வட்டின் கடைசிப் பத்து நிமிடங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே யுஎஸ்பியைக் கழற்றுங்கள்.