சாபாகோ: பெட்டிக்குள் நடக்கும் தவறுகள்

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கை வெளியிடங்களில் நடத்த உதவும் சிறு பெட்டிதான் சாபாகோ. கிண்ணம், மாச்சா எனும் பச்சைத் தேயிலைத் தூளுக்கான டப்பாவான நட்சுமே, மூங்கில் மத்தான சாசென், கரண்டி, துடைக்கும் துணி, மிட்டாய்க் குப்பி எல்லாம் அதற்குள் அடங்கும்.

பெட்டி அழகாக இருக்கிறதே என்று முதலில் வாங்கிவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் உராசென்கே தேநீர் மரபின் 11ஆம் தலைவர் கென்கென்சாய் இதற்கென வகுத்த முறைகள் பல. நிலா முறைக்குப் பெட்டிக்குள் உட்காரும் உள்தட்டு வேண்டும். உனோஹனா முறைக்குத் தனித்தட்டு. எதைப் பழகப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். ஜப்பானில் தேயிலை சேமிக்கும் தகரம் பதித்த பெரிய மரப்பெட்டிக்கும் இதே பெயர்தான். இணையத்தில் அது வந்து சேர்ந்தால் ஒன்றுக்கும் உதவாது.

அடுத்தது அளவு. நட்சுமே கிண்ணத்துக்குள் உட்கார வேண்டும், அதுவும் துணி உறையோடு. உறையில்லாமல் அளந்து வாங்கினால் மூடி பெட்டியில் இடிக்கும். உறை தடிமனாக இருக்கிறதென்று கழற்றிவிட்டால் கிண்ணத்தின் பீங்கான் உரசி நட்சுமேயின் அரக்குப் பூச்சில் கீறல் விழும். வழக்கமான கரண்டியின் நீளம் சுமார் 18 செ.மீ. அதைக் குறுக்காகத் திணித்தால் வளைந்த நுனி உடையும். குட்டைக் கரண்டியோ மடக்குக் கரண்டியோதான் சரி. மத்தும் சாபாகோவுக்கென்றே செய்த ஒல்லியானதாக இருக்கட்டும். பெரியதை மத்து வைக்கும் குழாய்க்குள் அழுத்தினால் இழைகள் ஒரு பக்கமாக மடங்கிவிடும், பிறகு நுரை வராது.

ஆனால் அதிகம் கெடுப்பது ஈரம். துணியை நன்றாகப் பிழிந்து மடித்து அதற்கான குழாயில் வையுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கி, பௌலோனியா மரத்தில் போகாத கறை விழும். வீடு திரும்பியதும் துணி, மத்து இரண்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். மத்தை வெறும் வெந்நீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்துங்கள். உலராமல் குழாய்க்குள் போட்டால் பூஞ்சை நடுமுடிச்சில்தான் முதலில் பிடிக்கும், வெளியே தெரியாது. மிட்டாய்க் குப்பியைக் கழுவினால் அதன் ஒடுங்கிய வாய் வழியாக ஈரம் எளிதில் வெளியேறாது. மறுநாளே கொன்பெய்டோ எனும் சிறு சர்க்கரை மிட்டாய்களைப் போட்டால் ஒட்டிக் கட்டியாகிவிடும், குலுக்கினாலும் விழாது.

மாச்சாவை முந்தைய நாளே நிரப்பி வைக்காதீர்கள். பயண அதிர்வில் தூள் இறுகி, மூடியிலும் ஒட்டும். காற்றுப்புகாத சிறு டப்பாவில் கொண்டுபோய், அங்கே சலித்து நிரப்பலாம். குட்டைக் கரண்டியில் இரண்டு முறை எடுத்தால் பழகிய அளவு வராது. ஒரு கோப்பைக்கு 1.5 முதல் 2 கிராம் வேண்டும். எத்தனை கரண்டி என்று வீட்டிலேயே தராசில் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 60 மி.லி. போதும், 80 டிகிரி அளவில். சின்னக் கிண்ணத்தில் அதற்கு மேல் ஊற்றினால் கலக்கும்போது மடியில் தெறிக்கும்.