கூஸ்கோவிலிருந்து இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

பெருவுக்குப் போகிறவர்கள் பலரும் மச்சு பிச்சு என்ற இன்கா மலைநகரை மனதில் வைத்துத்தான் கிளம்புகிறார்கள். வழியில் இருக்கும் உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒரே ஒரு நாள்தான் மிஞ்சுகிறது. ஸ்பானியர் வருவதற்கு முன் இங்கே ஆண்ட இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கு என்பது இதுதான். நான் முதல் தடவை ஒரு பெரிய பேருந்தில் ஏறி, அந்த ஒரு நாளில் ஐந்து இடங்களை ஓடி ஓடிப் பார்த்தேன். திரும்பி வந்தபோது எந்தச் சுவர் எந்த ஊரில் இருந்தது என்றுகூட நினைவில்லை. இரண்டாம் முறை சிறு குழுவோடு போனபோதுதான் அந்த இடம் எனக்குப் புரிந்தது. அந்த இரண்டாம் பயணத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

படி 1: உடம்பைத் தயார் செய்யுங்கள்

கூஸ்கோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் வந்து இறங்கிய அன்றே தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குதல் வரலாம். முதல் நாள் எங்கும் ஏறாதீர்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், இரவு வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், மதுவைத் தொடாதீர்கள். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

பள்ளத்தாக்கு கூஸ்கோவைவிடத் தாழ்வானது. அங்கிருக்கும் ஒயாந்தாய்தாம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டர்தான். அதனால் விமான நிலையத்திலிருந்து நேராகப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, முதல் இரண்டு இரவு அங்கேயே தங்குவது இன்னும் நல்ல யோசனை.

விடுதிகளில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது அன்றாடப் பானம், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் அந்த இலையை நினைவுக்காகக்கூடப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். இந்தியா உட்படப் பல நாடுகளில் சட்டப்படி அது போதைப்பொருள்.

படி 2: இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

பீசாக், சின்செரோ, மொராய், மாராஸ், ஒயாந்தாய்தாம்போ ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் காட்டுகிறோம் என்று விளம்பரம் இருக்கும். வேண்டாம். முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது, சின்செரோவில் தொடங்கி, மொராய், மாராஸ் பார்த்து, ஒயாந்தாய்தாம்போவில் முடிப்பது. இந்த நான்கும் ஒரே திசையில் அமைந்தவை. உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வருவோம் என்பதால் உடம்புக்கும் சுகம். பீசாக் வேறு பக்கம், அதற்குத் தனியாக அரை நாள் கொடுங்கள்.

படி 3: வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

எட்டுப் பத்துப் பேர் போகும் வேன் போதும். பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர்? ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம்? நுழைவுச் சீட்டும் மதிய உணவும் கட்டணத்தில் சேர்த்தியா? ஒயாந்தாய்தாம்போவிலேயே இறங்கிக்கொள்ளலாமா? கடைசிக் கேள்வி முக்கியம். மச்சு பிச்சு ரயில் அந்த ஊரிலிருந்து கிளம்புகிறது. அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டால் மறுநாள் அலைச்சல் மிச்சம்.

வழிகாட்டி உள்ளூர் மொழியான கெச்சுவா பேசுகிறவராக இருந்தால் யோசிக்காமல் அவரோடு போங்கள். கிராமத்துப் பாட்டிகளில் பலர் ஸ்பானிய மொழியைவிட அதில்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள். கெச்சுவாவில் ‘வாசி’ என்றால் வீடு, ‘வாசிபி’ என்றால் வீட்டில். நம் மொழியைப் போலவே சொல்லின் வாலில் உருபைக் கோக்கிறார்கள். உறவு ஏதும் இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடப்பதைக் கேட்டபோது எனக்கு அத்தனை மகிழ்ச்சி.

படி 4: சீட்டும் சில்லறையும்

சின்செரோ, மொராய், ஒயாந்தாய்தாம்போ மூன்றுக்கும் ‘பொலேத்தோ துரிஸ்திகோ’ என்ற கூட்டுச் சீட்டு வேண்டும். பள்ளத்தாக்குக்கு மட்டுமான சீட்டு இரண்டு நாள் செல்லும், பீசாக்கும் அதில் அடக்கம். முழுச் சீட்டு பத்து நாள் செல்லும், கூஸ்கோவைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்த்து 16 இடங்கள். மாராஸ் உப்பளம் இதில் வராது. அங்கே கிராமத்தாரிடம் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், ரொக்கமாக. கழிப்பறைக்கும் சில்லறை தேவை.

பையில் தொப்பி, வெயிலுக்குப் பூசும் கிரீம், ஸ்வெட்டர், மழைச் சட்டை. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். பகலில் வெயில் சுடும், மாலையில் குளிர் ஊசியாய்க் குத்தும்.

படி 5: சின்செரோவில் நெசவைப் பாருங்கள்

இங்கே இன்கா அரசன் துப்பாக் யுபாங்கியின் மாளிகை இருந்தது. அதன் சுவர்களின் மேலேயே ஸ்பானியர்கள் தேவாலயம் எழுப்பினார்கள். அடியில் கச்சிதமாகப் பொருந்திய இன்காக் கல், மேலே வெள்ளையடித்த சுவர். சற்று நேரம் நின்று பார்த்தால் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும்.

பிறகு நெசவுப் பெண்களிடம் போய் உட்காருங்கள். ஒரு வேரைத் துருவித் தண்ணீரில் கலக்கி, சோப்பு போல நுரை வரவைத்து அழுக்குக் கம்பளியை வெளுப்பார்கள். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் காச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் செம்மஞ்சள், சோடா உப்பு போன்ற காரம் சேர்த்தால் ஊதா. (இந்தச் சாயத்துக்காகத்தான் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். நல்ல ரகப் பூச்சி கிடைக்காமல் அந்த முயற்சி நின்றுபோனது.)

தறியின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை நெய்கிறவரின் இடுப்பில். பாவு இழைகளை லாமா என்ற ஒட்டக இன விலங்கின் எலும்பால் செய்த கருவியால் எடுத்துத் தட்டுகிறார்கள். ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். அதனால் அடித்துப் பேரம் பேசாதீர்கள். விலை கட்டாவிட்டால் சிறிய பட்டை ஒன்று வாங்குங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

படி 6: மொராயும் மாராஸும்

மொராயில் நிலத்தைக் குடைந்தது போல் வட்ட வட்டமான படிக்கட்டு வயல்கள். மேலும் கீழும் வெப்பம் வேறுபடுவதால், பயிர்களைச் சோதித்துப் பார்த்த இடமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். முக்கால் மணி நேரம் போதும்.

மாராஸில் மலைக்குள்ளிருந்து வரும் ஓர் உப்பு ஊற்று, சிறு வாய்க்கால்கள் வழியாக 3,000க்கும் மேற்பட்ட பாத்திகளில் பாய்கிறது. பாத்திகள் குடும்பம் குடும்பமாகக் கைமாறி வருகின்றன. இன்காக்களுக்கு முன்பிருந்தே இங்கே உப்பு விளைந்ததாகச் சொல்வார்கள். 2019 முதல் பார்வையாளர்கள் பாத்திகளுக்கு நடுவே நடக்க அனுமதி இல்லை, மேலிருந்துதான் பார்க்க வேண்டும். அதுவே சரி. அது அவர்கள் சாப்பிடுகிற உப்பு, நம் செருப்பு அங்கே படக்கூடாது.

படி 7: மதிய உணவு

சைவர்கள் ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று மூன்றையும் சொல்லுங்கள். இறைச்சி, கோழி, மீன் மூன்றும் வேண்டாம் என்று பொருள். கீன்வா சூப்பும், பெரிய மணிச் சோளத்தை வேகவைத்துப் பாலாடைக்கட்டியோடு தருவதும் வயிற்றுக்கு இதம். வழியில் ஒரு வீட்டு வாசலில் நீளக் கம்பின் நுனியில் சிவப்புத் துணியோ பிளாஸ்டிக் பையோ கட்டியிருந்தால், அங்கே சிச்சா என்ற சோளக் கள் கிடைக்கும். குடிக்கும் முன் சில துளிகளைத் தரையில் சிந்துவார்கள், பச்சமாமா என்ற நிலத்தாய்க்கு.

படி 8: ஒயாந்தாய்தாம்போவுக்கு மாலையை முழுதாகக் கொடுங்கள்

மதியம் மூன்று மணிக்குள் இங்கே வந்துவிடுங்கள். மூச்சுக்கு ஏற்றபடி நின்று நின்று கோட்டைப் படிகளில் ஏறினால், உச்சியில் ஆறு இளஞ்சிவப்புப் பாறைகள் வரிசையாக நிற்கும். முடிக்கப்படாத சூரியக் கோயில் அது. அந்தப் பாறைகள் ஆற்றுக்கு அக்கரையில், பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காச்சிகாத்தா மலையில் வெட்டப்பட்டவை. சக்கர வண்டி இல்லாமல் மலையை இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மேலேற்றியிருக்கிறார்கள். வழியிலேயே விடப்பட்ட கற்களும் உண்டு. ‘களைத்த கற்கள்’ என்கிறார்கள் ஊர்க்காரர்கள்.

1537இல் இன்கா அரசர் மான்கோ இன்கா இந்தப் படிக்கட்டுகளின் மேல் நின்று ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோவின் படையை விரட்டினார். ஆற்று நீரைத் திருப்பிவிட்டு மைதானத்தை நனைத்து, ஸ்பானியரின் குதிரைகளைச் சேற்றில் தடுமாற வைத்தார். மேலே நின்று அந்த மைதானத்தைப் பார்க்கும்போது போர் கண்முன் விரியும்.

இறங்கியதும் ஊருக்குள் நடங்கள். இன்காக்கள் போட்ட தெருக்கள், ஓரத்தில் அவர்கள் வெட்டிய வாய்க்கால், அதில் இன்றும் ஓடும் தண்ணீர். கோட்டையைத் தவறவிட்டாலும் இந்தத் தெருக்களைத் தவறவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். கால் தெம்பாக இருந்தால் எதிரே பின்குயூனா மலையில் தானியக் கிடங்குகளுக்கு ஏறலாம், கட்டணம் இல்லை. குளிர்காற்றில் தானியம் கெடாதிருக்க, செங்குத்தான சரிவில் கட்டியிருக்கிறார்கள்.

அன்றே கூஸ்கோ திரும்புகிறவர்களுக்குப் பங்கு வேன்கள் உண்டு. ஆள் நிறைந்ததும் கிளம்பும், ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். வண்டி மறுபடி சின்செரோ மேட்டில் ஏறும்போது குளிர் தாக்கும். ஸ்வெட்டரைக் கூரைமேல் போகும் பையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.