பழைய பாக்ஸ்டர்: தென்னாப்பிரிக்காவில் எந்த ஆண்டு மாடலை வாங்குவது?

டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் வாழும் நம்மவர்களில், முதல் ஸ்போர்ட்ஸ் காராகப் பழைய போர்ஷ் பாக்ஸ்டர் ஒன்றை வாங்க விரும்புவோர் பலர். இரண்டு இருக்கைகள், நடுவில் என்ஜின், மடக்கும் கூரை ஆகியவற்றோடு, ஓட்டுவதற்கு இவ்வளவு துல்லியமான ஒரு வண்டி, புதிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதே அதற்குக் காரணம். ஆனால் பாக்ஸ்டர் என்ற ஒரே பெயரில் 1996இன் பிற்பகுதியிலிருந்து நான்கு தலைமுறைகள் வந்திருக்கின்றன. அவற்றுள் ஓராண்டு முன்னே பின்னே போனால் என்ஜினே வேறாகிவிடும். ஆகவே நிறத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் பார்ப்பதற்கு முன்பே மாடல் ஆண்டை முடிவு செய்துகொள்ள வேண்டும். பயன்படுத்திய வண்டிகளை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய, நாடு திரும்பி வருவோர் போன்ற சிலரைத் தவிர, இங்கு அனுமதி இல்லை. இந்நாட்டில் புதிதாக விற்கப்பட்ட வண்டிகளுக்குள்தான் தேட வேண்டும் என்பதால் பொறுமையும் வேண்டும்.

விளம்பரத்தில் போடப்படும் ஆண்டு பெரும்பாலும் வண்டி முதலில் பதிவான ஆண்டே தவிர மாடல் ஆண்டு அன்று. தொழிற்சாலையில் ஓர் ஆண்டின் பிற்பாதியிலேயே அடுத்த ஆண்டின் மாடல் தொடங்கிவிடுவது வழக்கம். அதற்கு மாறாக, விற்காமல் நின்ற வண்டி அடுத்த ஆண்டில் பதிவாவதும் உண்டு. உண்மையைச் சொல்வது சேசிஸ் எண்தான். அதன் 17 இடங்களில் பத்தாவது இடம் போர்ஷில் மாடல் ஆண்டைக் குறிக்கும். 8 என்றால் 2008, 9 என்றால் 2009, ‘ஏ’ என்றால் 2010, ‘பி’ என்றால் 2011 என்று அது போகும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க்கிலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே டிஸ்க்கின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். 2009 என்று விளம்பரம் செய்யப்பட்ட பாக்ஸ்டரின் பத்தாவது இடத்தில் 8 இருந்தால், அது நீங்கள் நினைத்த வண்டி அன்று. அது ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் முக்கியச் செய்தி.

986 என்று அழைக்கப்படும் முதல் தலைமுறை 1997 மாடலில் 2.5 லிட்டர், 150 கிலோவாட் என்ஜினோடு தொடங்கியது. 2000 மாடலில் அது 2.7 லிட்டராகி 162 கிலோவாட் ஆனது, கூடவே 3.2 லிட்டர், 185 கிலோவாட் கொண்ட ‘எஸ்’ வந்தது. 2003 மாடலில் சக்தி சற்று உயர்ந்ததுடன், மஞ்சளாகி விரிசல் விடும் பிளாஸ்டிக் பின்கண்ணாடிக்குப் பதிலாக உண்மையான கண்ணாடியும் வந்தது. 2005 மாடலில் தொடங்கிய 987 தலைமுறையில் சாதாரண வகை 176 கிலோவாட், எஸ் 206 கிலோவாட். 2007இல் எஸ் வகைக்கு 3.4 லிட்டர், 217 கிலோவாட் என்ஜின் பொருத்தப்பட்டது. இவை எல்லாவற்றிலும் ஒரே குடும்பத்து என்ஜின்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனமும் இருக்கிறது.

மெக்கானிக்குகள் ஐஎம்எஸ் பேரிங் என்று சொல்லும் சிறு பாகம்தான் அந்தப் பலவீனம். அது, கிராங்க் தண்டிலிருந்து கேம் தண்டுகளுக்குச் சுழற்சியைக் கடத்தும் இடைத்தண்டின் ஒரு முனையைத் தாங்குகிறது. அது உடைந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி என்ஜின் முழுவதும் போய்விடும். புதிய என்ஜினின் செலவு வண்டியின் விலையையே விழுங்கிவிடக்கூடும். தொடக்க ஆண்டுகளில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. அது ஒப்பீட்டளவில் உறுதியானது. 2000, 2001 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். பழுது அதிகம் கண்டது இந்த ஒற்றை வரிசைதான். அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்து உடன்பாட்டில் முடிந்த வழக்கும் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைப் பற்றியதே. 2006 முதல் 2008 வரையிலான மாடல்களில் பெரிய பேரிங் உண்டு. அது அரிதாகவே உடைகிறது, ஆனால் என்ஜின் உறையைப் பிரிக்காமல் அதை மாற்ற முடியாது. 2005 மாடலில் சிறியதும் பெரியதும் கலந்து வந்திருக்கின்றன. கியர்பெட்டியை இறக்கி, பேரிங் மூடியின் நடுவிலுள்ள நட்டை அளந்தால்தான் எது இருக்கிறது என்பது உறுதியாகும். 22 மில்லிமீட்டர் நட்டு என்றால் பெரிய பேரிங். வாங்குவதற்கு முன் இந்தச் சோதனைக்கு ஒரு விற்பனையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால், பேரிங் மாற்றிய பதிவு இல்லாத 2005 மாடலை, மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்காக 986 அனைத்தையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கிளட்ச் மாற்றும்போது அதே வேலையோடு பேரிங்கையும் மேம்பட்டதாக மாற்றிவிடலாம். விவரமறிந்த உரிமையாளர்கள் பலர் அவ்வாறே செய்திருக்கிறார்கள். பேரிங், கிளட்ச், பின்பக்க ஆயில் சீல் ஆகிய மூன்றும் மாற்றப்பட்டதற்கான பட்டறை ரசீது சேசிஸ் எண்ணுடன் இருந்தால், 2003 அல்லது 2004 மாடல் 986 எஸ் சிறிய பட்ஜெட்டுக்கு மிக நல்ல வண்டி. ரசீது இல்லாமல் ‘மாற்றியாயிற்று’ என்று வாய்மொழியாகச் சொல்வதை மாற்றாததாகவே கணக்கிட்டு, அந்தச் செலவை விலையிலிருந்து குறைத்துப் பேசுங்கள்.

2007, 2008 மாடல்களின் 3.4 லிட்டர் எஸ் வகைக்கு வேறொரு சோதனை தேவை. சிலிண்டர் சுவரில் கீறல் விழும் நோய் இந்த என்ஜினில் அறியப்பட்ட ஒன்று. ஆயில் அதிகமாகக் குறைவது, டிக் டிக் என்ற சத்தம் ஆகியவை அறிகுறிகள். ஆனால் அறிகுறி தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். நுண்கேமராவை உள்ளே செலுத்தி ஆறு சிலிண்டர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து இந்த ஆண்டுகளின் எஸ் வகையை வாங்க வேண்டாம்.

2009 மாடலில்தான் கோடு விழுகிறது. அந்த ஆண்டு வந்த புதிய என்ஜினில் இடைத்தண்டே கிடையாது; ஆகவே அந்தப் பேரிங்கும் இல்லை. சாதாரண வகை 2.9 லிட்டர், 188 கிலோவாட். எஸ் வகை நேரடி எரிபொருள் செலுத்தலுடன் 3.4 லிட்டர், 228 கிலோவாட். சாதாரண வகையின் ஐந்து கியர் கையியக்கப் பெட்டி ஆறு கியரானது. பழைய டிப்ட்ரானிக் தானியங்கிக் கியர்பெட்டி போய், இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் தானியங்கியான பிடிகே வந்தது. ஸ்டீயரிங் இன்னும் ஹைட்ராலிக்; அடுத்த தலைமுறையான 981இல் அது மின்சார ஸ்டீயரிங் ஆகிவிட்டதால், சாலையின் சொரசொரப்பு கையில் தெரிய வேண்டும் என்று விரும்புவோருக்கு 2009 முதல் 2012 வரையிலான 987தான் கடைசி வாய்ப்பு. என்னிடம் ஒரே ஒரு பதிலைக் கேட்டால், கையியக்கக் கியருள்ள 2010 அல்லது 2011 மாடல் என்றே சொல்வேன். பிடிகே விரும்புவோர் அதன் ஆயில் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்பதைச் சர்வீஸ் பதிவில் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தப் பெட்டியின் பழுது மலிவானதன்று.

வாழும் ஊரும் இந்தத் தேர்வை மாற்றும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள மெல்லிய காற்றில் டர்போ இல்லாத என்ஜின் தன் சக்தியில் ஆறில் ஒரு பங்கை ஏறக்குறைய இழக்கிறது. டர்பனில் 188 கிலோவாட் தரும் 2.9 லிட்டர் அங்கே 155 கிலோவாட் அளவில்தான் இருக்கும். ஆகவே ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் வசிப்போர் சாதாரண வகையைவிட எஸ் வகையைத் தேடுவது பொருத்தம். 2017 மாடலில் தொடங்கிய நான்காம் தலைமுறையான 718இன் பெரும்பாலான வகைகளில் நான்கு சிலிண்டர் டர்போ என்ஜின் இருப்பதால் உயரம் அவற்றை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆறு சிலிண்டரின் இசையை இழக்கச் சம்மதித்தால், மேட்டுநிலத்தில் வேகத்திற்கு அதுவே சிறந்தது. கடலிலிருந்து தள்ளியுள்ள உட்பகுதிகளில் 93 ஆக்டேன் பெட்ரோலும் விற்கப்படுகிறது. எந்த ஆண்டு பாக்ஸ்டராக இருந்தாலும் அது வேண்டாம், 95 போடுங்கள்.

கடற்கரையில் வேறு கவலைகள். உம்ஷ்லாங்கா, டோங்காட் போன்ற இடங்களில் உப்புக்காற்று பட்டு நின்ற வண்டியில் முதலில் அரிப்பது முன்பம்பரின் இருபுறத்திலும் இருக்கும் ரேடியேட்டர்களும் அவற்றின் முன்னுள்ள ஏசி கண்டென்சர்களும்தான். அந்தப் பள்ளங்களில் சருகு சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைப்பதால் அரிப்பு விரைவாகிறது. டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால் சருகும் உதிர்ந்த தகடுகளும் கண்ணுக்குத் தெரியும். டர்பனின் கோடை மழைக்குக் கூரையின் நீர்வடிகால் துளைகள் திறந்திருக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே இறங்கும். 986இல் அலாரம், இம்மொபிலைசர் கருவி இருக்கைக்கு அடியில் தரையோடு இருப்பதால் நனைந்து, வண்டி கிளம்பாமலே போகும். கம்பளத்தைக் கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையை இரண்டு மூன்று முறை முழுவதுமாக மடக்கி விரியுங்கள். வேறு எல்லாம் சமமாக இருந்தால், கடலோர வண்டியைவிட உட்பகுதி வண்டியையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் உட்பகுதிச் சாலைக் குழிகளில் அடிபட்ட சஸ்பென்ஷன் கைகளையும் சக்கர வளையங்களையும் வண்டியை லிஃப்டில் தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

ஓடிய தூரம் குறைவு என்பதை மட்டும் வைத்து அதிக விலை கொடுக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டியில் சீல்கள் காய்ந்திருக்கும், ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும், டயர்கள் கெட்டிப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் சொல்லும். ஒழுங்காக ஓடி, ஆண்டுதோறும் ஆயில் மாற்றப்பட்ட 1,20,000 கிலோமீட்டர் வண்டியை, பதிவே இல்லாத 50,000 கிலோமீட்டர் வண்டிக்கு மேலாகவே மதிக்கிறேன். போர்ஷ் வேலை தெரிந்த, விற்பவரோடு தொடர்பில்லாத பட்டறையில் பரிசோதிக்கும்போது இரண்டைக் கட்டாயம் கேளுங்கள். ஆயில் ஃபில்டரைத் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. என்ஜின் கணினியில் பதிவான அளவு மீறிய சுழற்சிகளின் அறிக்கையை எடுப்பது மற்றொன்று. தவறான கியரில் போட்டு என்ஜினை வதைத்தவர்கள் அதை மறைத்தாலும் அந்த அறிக்கை மறைக்காது.

வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிப் பதியத் தேவையான ரோட்வர்தி (சாலைத் தகுதி) சான்றிதழ் 60 நாள்களுக்குச் செல்லும். அது பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் போன்றவற்றைப் பார்க்கிறதே ஒழிய, மேலே சொன்ன பேரிங்கையோ சிலிண்டரையோ பார்ப்பதில்லை. பதிவுச் சான்றிதழில் வண்டி ‘கோட் 2’ என்று இருக்க வேண்டும். ‘கோட் 3’ என்றால் விபத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. எந்த ஆண்டானாலும் அதைத் தவிர்த்துவிடுங்கள். அதில் டைட்டில்ஹோல்டர், அதாவது சட்டப்படி உரிமை உடையவர், என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை என்று பொருள். தனியாரிடம் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி, என்று வாங்கினால் பின்னால் முறையிடுவது கடினம்; டீலரிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. அதனால் பேரிங் சந்தேகமுள்ள பழைய ஆண்டுகளை டீலரிடமும், 2009 முதலான மாடல்களை நல்ல பதிவுள்ள தனியாரிடமும் வாங்குவது ஒரு வகையில் நியாயமான கணக்கு.

பார்க்கப் போகும் நாளில் என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பும் முதல் நிமிடத்தில்தான் சத்தங்கள் தெளிவாகக் கேட்கும். வண்டி பிடித்துப்போய் முன்பணம் கேட்டால், பரிசோதனை அறிக்கை திருப்தியாக இல்லாவிடில் பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்ற வாசகத்தையும், சேசிஸ் எண்ணின் 17 இடங்களையும் விற்பனைப் படிவத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே பணத்தை அனுப்புங்கள்.